புதிய பேட்டரி மாற்றியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேட்டரி மாற்றிய அன்றே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும் கார்களை இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புவதும், அங்கே செல்ஃப் மோட்டாரையோ (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இன்ஜின் கணினியையோ மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தருவதும் அடிக்கடி நடக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக வாகன உரிமையாளர்களுக்கும் பேட்டரி விற்பனையாளர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

நேற்றுவரை ஓடிய வண்டி, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு நின்றுபோனால், கழற்றி மாட்டிய இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஹாரன் ஒலிக்கிறது, முகப்பு விளக்கு எரிகிறது, ஆகவே பேட்டரி இணைப்பில் குறையில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவே தவறு. இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 10 ஆம்பியர்தான். செல்ஃப் மோட்டாரோ சிறிய காரில்கூட 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பேட்டரியின் முனைக்கும், கேபிளை அதில் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் இடையே வெறும் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்குச் செல்லும் வழியில் அங்கே அரை வோல்ட் மட்டுமே இழப்பாகும். விளக்கு சற்று மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் பாய வேண்டுமென்றால் 7.5 வோல்ட் அங்கேயே செலவாகிவிடும் என்பதால், அந்த அளவு மின்னோட்டம் மோட்டாரைப் போய்ச் சேரவே சேராது. சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வருவதும், டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் அந்த நொடியில் அணைந்து மீள்வதும் இதனால்தான்.

இந்தத் தடை புதிய பேட்டரியில் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பழைய கிளாம்பின் உட்புறத்தில் படிந்த வெள்ளை, பச்சைப் பொடியைத் தேய்த்து நீக்காமல் அப்படியே மாட்டுவது ஒரு காரணம். முனையின் தடிமன் பொருந்தாமை மற்றொரு காரணம். இதைப் பற்றி விற்பனையாளர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. ஜப்பானிய அளவுமுறையில் வரும் சிறிய கார் பேட்டரிகள் பலவற்றில் ப்ளஸ் முனையின் விட்டம் ஏறக்குறைய 14.7 மில்லிமீட்டர், தடித்த முனை உள்ள பேட்டரிகளில் அது 19.5 மில்லிமீட்டர். தடித்த முனைக்கான கிளாம்பை மெல்லிய முனையில் மாட்டினால், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் கிளாம்பின் இரு காதுகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்குமே தவிர முனையைப் பிடிக்காது. போல்ட் இறுகிவிட்டதால் இணைப்பும் இறுகிவிட்டது என்று மாட்டியவர் நம்புவார். கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அது அணுவளவும் அசையக் கூடாது. இடைவெளி இருந்தால் அதற்கென்றே விற்கும் ஈய வளையத்தைப் போட வேண்டும். தகர டப்பாவை வெட்டிச் செருகுவது சில வாரங்களில் மீண்டும் அதே கோளாற்றைக் கொண்டுவரும். பேட்டரியின் குறியீட்டு எண்ணின் இறுதியில் வரும் எல் அல்லது ஆர் என்ற எழுத்து, முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதைக் குறிக்கிறது. அதைக் கவனிக்காமல் வாங்கினால் கேபிள் எட்டாது; எட்டாத கேபிளை இழுத்து மாட்டிய இணைப்பு நிலைக்காது.

ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இதை ஐயமின்றி உறுதிசெய்யலாம். மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் ஈய முனையிலும், மற்றொன்றை அதே முனையின்மேல் உள்ள கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அளவு ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் கோளாறு அங்கேயேதான் இருக்கிறது. அடுத்து மைனஸ் முனைக்கும் இன்ஜினின் இரும்புப் பகுதிக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால், மைனஸ் முனையை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறதா என்பதும் வெளிப்படும். கடலோர ஊர்களில் இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இணைப்பு சரியாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், பேட்டரியே நிறைவாகச் சார்ஜ் ஆகாமல் வந்திருக்கலாம். ஈய அமில பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் தானாகச் சார்ஜ் இழக்கும். நம் ஊர் வெயிலில் அது விரைவாகவே நடக்கும். கடை அலமாரியில் பல மாதங்கள் இருந்த பேட்டரியும் புதியது என்றே விற்கப்படுகிறது. எதையும் இயக்காத ஓய்வு நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்யாமல் மாட்டக் கூடாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லை என்றால் அது வேறு கதை. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை ஏற்கவில்லை என்று பொருள். பெரும்பாலான கார்களில் சாவியின் குறியீடு பேட்டரி கழற்றியதால் அழிவதில்லை. ஆனால் வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரங்கள் சில, மின்சாரம் மீண்டும் வந்ததும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சாவியால் ஓட்டுநர் கதவை ஒருமுறை பூட்டித் திறந்து, அந்த விளக்கு அணைந்த பிறகு முயல்வது போதுமானதாக இருக்கலாம். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும் பெட்ரோல் கார்களில், இன்ஜின் கணினி கற்றுவைத்திருந்த ஐட்லிங் அளவுகள் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்துக்கானவை) அழிந்திருக்கக்கூடும். அவற்றை மீண்டும் கற்கவைக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும். இதற்காகக் கணினிப் பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

டாஷ்போர்டு முழுவதும் இருண்டு கிடந்தால், மாட்டும்போது ப்ளஸ், மைனஸ் ஒரு நொடி மாறிப்போய் மெயின் ஃபியூஸ் எரிந்திருக்கக்கூடும். அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும் செயல். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்ற வரிசையும் தீ ஆபத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் சொல்லித்தரப்படுகிறது. ப்ளஸ் முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி எழாது.

இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது வேறொரு பழக்கம். எப்படியோ தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டியில், ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) பேட்டரியைச் சார்ஜ் செய்கிறதா என்று பார்ப்பதற்காக, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழற்றுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இது பெரிய தீங்கு செய்யாமல் போயிருக்கலாம். இன்றைய கார்களில், பேட்டரி என்ற தாங்குசுமை திடீரென விலகும் அந்தக் கணத்தில், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, கணினி உட்பட எந்த மின்னணுச் சாதனத்தையும் எரித்துவிடக்கூடும். 500 ரூபாய் மீட்டரை முனைகளில் வைத்து, ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பார்ப்பதே சரியான முறை. சில புதிய மாடல்களில் எரிபொருள் சேமிப்புக்காக இந்த அளவு இடையிடையே குறையலாம். விளக்கையும் ஏசியையும் போட்டு மீண்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, பேட்டரி விற்பனையாளர்களுக்கும், வீட்டுக்கே வந்து மாட்டித் தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயாரிப்பு மாதத்துடன், மாட்டும் முன் ஓய்வு நிலையில் இருந்த வோல்ட், செல்ஃப் சுற்றும்போது இறங்கிய வோல்ட், இன்ஜின் ஓடும்போது காட்டிய வோல்ட் ஆகிய மூன்றையும் ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். செல்ஃப் சுற்றும்போது ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், வாடிக்கையாளரின் கண்முன்னே காரணத்தைத் தேடுங்கள். இதற்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. வாகன உரிமையாளர்களும் இந்த மூன்று அளவுகளையும் கேட்டுப் பெற்ற பிறகே பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்படைக்க வேண்டும். விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால், ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.