தயிர்சாதத்தில் ஒளிக்கும் மாத்திரை

ஐயா, முதியோர் இல்லங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குச் சோற்றில் கலந்து கொடுப்பதைச் சாதாரண விஷயம் போலச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகள் மெதுவாகக் கரைய வேண்டியவை. பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருக்கும், அவற்றைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். என் பெரியம்மா இருந்த இல்லத்தில் தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்தார்கள். கசப்பு தெரிந்ததும், அப்புறம் யார் எதை ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். விழுங்கத்தான் கஷ்டமென்றால் பல மருந்துகள் சிரப்பாகவே கிடைக்கின்றன. மறதி நோய் முற்றியவருக்கு வேறு வழியே இல்லையென்றால், மருந்தாளுநரைக் கேட்டு, குடும்பத்துக்கும் சொல்லி, மருத்துவர் எழுத்தில் தந்த பிறகே கலக்கலாம் என்று அரசு விதி கொண்டுவரட்டும்.