பொம்மைய பெட்டியோட பூட்டி வெக்க சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய ஆக்‌ஷன் ஃபிகர், அதான் கை கால் அசையுற வீரன் பொம்மை, சேக்குறத பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, நம்ம பைத்தியத்தையும் மதிச்சு எழுதுறாங்களேன்னு ஆசையா உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல பாத்தா ஷேர் மார்க்கெட் பக்கம் மாதிரி ஆயிடுச்சு. வாங்கு, பிரிக்காத, அலமாரியில பூட்டு, இருபது வருஷம் கழிச்சு வித்தா காசு. இத நம்பி யாராவது சேமிப்ப எடுத்து பொம்மையில போட்டுடப் போறாங்கன்னு பயந்துதான் இந்த லெட்டர்.

பிரிக்காத பழைய பொம்மைக்கு ஏன் அவ்ளோ கிராக்கி? அப்ப யாருமே பிரிக்காம வெக்கல, அதான் காரணம். 1977-ல ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்போ கென்னர்ங்குற பொம்மை கம்பெனியால கிறிஸ்துமஸுக்குள்ள பொம்மைய செஞ்சு முடிக்க முடியல, அதனால ஒரு சீட்டு வெச்ச அட்டைய மட்டும் வித்தாங்க, அத தபால்ல அனுப்பினா அடுத்த வருஷம் நாலு பொம்மை வீடு தேடி வரும். வெறும் அட்டைக்கு காசு குடுத்துட்டு மாசக்கணக்குல காத்திருந்த பசங்க, பார்சல் வந்ததும் பத்திரமா பூட்டியா வெப்பாங்க? மண்ணுல புதைச்சாங்க, கைய ஒடச்சாங்க, துப்பாக்கிய தொலைச்சாங்க. அதுக்கு நேர்மாறா 1995-ல திரும்பவும் ஸ்டார் வார்ஸ் பொம்மை வந்தப்போ ஆளாளுக்கு இது சொத்துன்னு ரெண்டு ரெண்டா வாங்கி பரண்ல அடுக்கினாங்க. அதுல பெரும்பாலானத இன்னிக்கு சும்மா குடுத்தாலும் வாங்க யோசிப்பாங்க, ஏன்னா எல்லார்கிட்டயும் இருக்கு, எல்லாமே பிரிக்காமதான் இருக்கு.

அடுத்தது, பிளாஸ்டிக்குக்கும் ஆயுசு இருக்குங்க, பூட்டி வெச்சா நின்னுடாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ங்குற ரோபோ பொம்மைங்கள்ல தங்க கலர் கலந்த ஒரு பிளாஸ்டிக் உண்டு, வருஷம் போகப் போக உள்ளுக்குள்ளேயே செத்துப்போயி கை வெச்சா பிஸ்கட் மாதிரி உதிரும், சீல் உடைக்காத பெட்டியில இருந்தாலும் அதே கதிதான். மெத்து மெத்துன்னு இருக்குற பொம்மைங்கள காத்து போகாம அடைச்சு வெச்சா உள்ள இருக்குற எண்ணெய் கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். வெள்ளை பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டா பழுப்பாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வெச்சா வெளுக்கும்தான், ஆனா பல சமயம் கொஞ்ச நாள்ல திரும்ப பழுக்க ஆரம்பிச்சுடும்.

என்னோட ஜி.ஐ. ஜோ, அந்த பட்டாள வீரன் பொம்மை ஒண்ணு, 1982-ல ஆரம்பிச்ச அந்த மூணே முக்கால் இன்ச் சைஸ். ஒரு நாள் அலமாரியில இருந்து எடுத்தேன், இடுப்புக்கு கீழ கால் ரெண்டும் தனியா கழண்டு கீழ விழுந்துடுச்சு, மேல் பாதி மட்டும் என் கையில மொறச்சிட்டு இருக்கு. அந்த பொம்மைக்குள்ள ஒரு சின்ன கருப்பு ரப்பர் வளையம் இருக்கும், நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவுல மொத்த உடம்பையும் இழுத்துப் புடிச்சிட்டு இருக்குறது அது ஒண்ணுதான். காஞ்சு போனா பட்டுனு அறுந்துடும். முதுகுல இருக்குற ஒரே ஸ்க்ரூவ கழட்டி, நெஞ்ச ரெண்டா பிரிச்சு, புது வளையத்த கீழ இருக்குற இரும்பு கொக்கியில மாட்டி, மேல இழுத்து பொருத்தி மூடணும். ரெண்டு தடவ வளையம் தெறிச்சு ஓடி நான் கட்டிலுக்கு அடியில தவழ்ந்தேன். ஸ்க்ரூவ ரொம்ப முறுக்கினா முதுகு விரிசல் விட்டுடும், அந்த கடைசி அரை சுத்துல மூச்சே விடல. முடிச்சு உக்கார வெச்சா கால மடக்கி ஜம்முனு உக்காந்தான். பிரிக்கவே கூடாதுன்னு இருந்தா இத எப்படிங்க செய்யுறது?

சேர்க்கணும்னு ஆசை வந்தவங்களுக்கு என் சூடு அனுபவத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். பொம்மையோட கால்ல 1984-னு அச்சு இருக்கும், அத பாத்ததும் அந்த வருஷத்து பொம்மைன்னு நம்பிடாதீங்க, அது உரிமை பதிஞ்ச வருஷம், அதே அச்சுல எத்தனையோ வருஷம் கழிச்சு வார்த்தாலும் அதே நம்பர்தான் இருக்கும். நான் அப்படி நம்பி ஒரு ரோபோவுக்கு பெரிய தொகை அழுதேன், வித்தவர் பொய்யும் சொல்லல, "கால்ல பாருங்க"ன்னு மட்டும்தான் சொன்னாரு, கெட்டிக்காரர்.

அப்புறம் கட்டுரை முழுக்க "டால்"னு எழுதியிருக்கீங்க. 1964-ல ஜி.ஐ. ஜோ வந்தப்பவே, டால்னா பையனுங்க வாங்க மாட்டாங்கன்னுதான் ஆக்‌ஷன் ஃபிகர்னு பேரே வெச்சாங்க. அமெரிக்காவுல எக்ஸ்-மென், அதான் காமிக்ஸ்ல வர்ற பிறவியிலேயே சக்தி உள்ளவங்க, அவங்க பொம்மை டாலா டாயான்னு சுங்க வரிக்காக கேஸே நடந்து, இதுங்க மனுஷங்க இல்ல, அதனால டால் இல்லன்னு 2003-ல தீர்ப்பு வந்துச்சு.

கடைசியா ஒரு திருத்தம், முடிஞ்சா போடுங்க. முதல் பக்க படத்துல ஹீ-மேன்ங்குற வீரன் பொம்மை கையில இருக்குறது ஊதா கலர் கத்தி, அது அவனோட எதிரி ஸ்கெலட்டரோடது. இவனோடது சாம்பல் கலர், ரெண்டையும் சேத்தாதான் முழு கத்தி ஆகும். படம் எடுத்தவர் வீட்டுல ஸ்கெலட்டர் வெறுங்கையோட நிக்குறான், குடுத்துட சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்