டிகிரி வாங்கியாச்சு, பணம் வரவில்லை

பிரியமுள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்துச் சந்தோஷம். போட்டோவில் உன் மருமகள்தான் ரொம்ப இளைத்துத் தெரிகிறாள், கவனி.

"கைக்கடன் கேஸ்தான் ஜெயிச்சாச்சே, பணம் வந்ததா?" என்று கேட்டிருந்தாய். வரவில்லை. தீர்ப்பு வந்தால் கோர்ட்டே பணத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிடும் என்று இங்கேயும் எல்லாருக்கும் நினைப்பு. இவர் இவ்வளவு தர வேண்டும் என்று உத்தரவு, அதுதான் டிகிரி, எழுதிக் கொடுப்பதோடு கோர்ட்டின் வேலை சரி. தராவிட்டால் நிறைவேற்று மனு, வக்கீல்கள் சொல்கிற ஈ.பி., நாம்தான் போட வேண்டும். எதிராளிக்கு எங்கே என்ன சொத்து இருக்கிறது என்று துப்புத் துலக்குவதும் நம் தலையில்தான். 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போது நமக்கு அதுதான் கடைசி மேல் கோர்ட்), இந்தியாவில் வழக்காடுகிறவருக்குக் கஷ்டம் ஆரம்பிப்பதே டிகிரி வாங்கிய பிறகுதான் என்று சொல்லியிருக்கிறதாம். வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார். பீஸ் வாங்குகிறவர், சிரிக்கலாம்.

என்னிடம் கடன் வாங்கியவர் ரிட்டையரான அரசு ஊழியர் என்பது உனக்குத் தெரியும். மாதம் பிறந்தால் பென்ஷன். அதைத் தொட முடியாது! சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில், ஜப்தி செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் மாடு, விதை நெல், பி.எஃப். பணம், அரசு பென்ஷன். சம்பளக்காரர் என்றாலும் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால், விதை நெல்லையும் தாலியையும் பிடுங்கி வரும் காசு எனக்கு வேண்டாம். பென்ஷன் விஷயத்தில் மட்டும் மனசு ஆறவில்லை. அதை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவரும் கார் வைத்திருக்கும் இவரும் ஒன்றா?

வீடோ, நான் நோட்டீஸ் விட்ட கையோடு மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் ஆகிவிட்டது. கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதிய பத்திரம் என்று எதிர்க்கச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு எத்தனை வருஷமோ!

"பிடித்து உள்ளே போட முடியாதா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராமே. சிவில் ஜெயில் உண்டு, அதிகபட்சம் 3 மாதம். உள்ளே இருக்கும்போது அவர் சாப்பாட்டுப் படியை நாம் கட்ட வேண்டும். வெளியே வந்தாலும் கடன் அப்படியே நிற்கும். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று முதலில் காட்டியாக வேண்டும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னார். அது சரிதான்.

நல்லவேளை, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தபோது ஒரு காலி மனை இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. மறந்துவிட்டார் போல. அதை ஜப்தி செய்தோம். கோர்ட் ஊழியரான அமீனா வந்து, தமுக்கு அடிக்கச் சொல்லி, மனையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். இனி அவர் அதை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் நம்மைக் கட்டுப்படுத்தாது. இத்தனை நாள் போனை எடுக்காத மனுஷன், தமுக்குச் சத்தம் ஊருக்குக் கேட்டதும் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பாதியை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுங்கள் என்றார். எதுவானாலும் கோர்ட்டில் கட்டுங்கள் என்று காபி கொடுத்து அனுப்பினேன். வெளியே கைமாறும் பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால் அது கணக்கிலேயே வராது, பிறகு இரண்டு பக்கமும் வம்பு.

இழுத்தடிப்பது அவர்களுக்கு லாபம், வசந்தா. இந்த மாதிரிக் கைக்கடனில் டிகிரிக்குப் பிறகு அசலுக்கு வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் கிடையாது. எந்த பேங்க் இவ்வளவு மலிவாகக் கடன் கொடுக்கும்? ஈ.பி.யை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2025-ல் கணக்கெடுத்தால் நாடு முழுக்க 8.8 லட்சம் மனுக்கள் நிலுவை.

அப்புறம் உன் கொழுந்தனார் புரோ நோட்டில் கொடுத்த கடன் விஷயம். புரோ நோட்டுக்கு 3 வருஷம்தான் கெடு, அதற்குள் கேஸ் போட்டாக வேண்டும். டிகிரி வாங்கிவிட்டால் நிறைவேற்ற 12 வருஷம் இருக்கிறது, அதில் அவசரமில்லை. ஆனால் கேஸ் போடும் முன்பே எதிராளி பெயரில் என்ன இருக்கிறது என்று வில்லங்கம் போட்டுப் பார்க்கட்டும். பழைய செக், பேங்க் விவரம் எதுவானாலும் பத்திரப்படுத்தட்டும், கணக்கில் இருக்கும் பணத்தையும் ஜப்தி செய்யலாம். சொத்தை விற்க அலைகிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியை அப்போதே கேட்கச் சொல். நான் அதைக் கேட்டிருந்தால் அவர் வீடு மகன் பெயருக்குப் போய்த் தப்பியிருக்காது.

மனை ஏலத்துக்கு விலை நிர்ணயம் அடுத்த வாய்தாவில். அது முடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறேன், ஒரு வாரம் தங்குவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா