தேதியைத் திருத்தாதே, உள்ளபடி எழுது

மதுரை
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சண்முகம்,

உன் பொம்மைப் பட்டியல் வந்து சேர்ந்தது. சேகரிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான். ஆனால் இந்தக் கோப்பை இப்படியே வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிப் பொம்மை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பாதி வரிகளில் சண்டை வரும்.

முதலில் எக்செல் செய்திருக்கும் கூத்து. அளவு விகிதப் பத்தியில், அதாவது நிஜ வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்ற இடத்தில், 1/64 என்று அடித்திருக்கிறாய். அது ‘ஜன-64’ ஆகிவிட்டது. டிங்கி கார்களுக்குப் போட்ட 1/43, ‘ஜன-43’. மேட்ச்பாக்ஸ் கார்களின் 1-75 வரிசையும் ‘ஜன-75’ என்று நிற்கிறது. 1:43 என்று போட்டால் தப்பிக்கலாமே என்று பார்க்காதே, அதை மணி ஒன்று நாற்பத்து மூன்று என்று எடுத்துக்கொள்ளும். இப்போது போய் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றினாலும் பயனில்லை. உள்ளே இருப்பது நாள் கணக்கு எண். 1/64 இருந்த இடத்தில் 23377 என்றும் 1/43 இருந்த இடத்தில் 15707 என்றும் வரும். பத்தியை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, பிறகு புதிதாக அடிக்க வேண்டும். இதுதான் எளிய வழி.

அடுத்தது வாங்கிய தேதி. 07/04/86 என்று எழுதினால் உனக்கும் எனக்கும் லண்டன்காரருக்கும் அது ஏப்ரல் 7. அமெரிக்கருக்கு ஜூலை 4. இரண்டு எண்ணில் ஒன்று 12-ஐத் தாண்டினால் பிழைத்தோம். தாண்டாமலும், இரண்டும் ஒரே எண்ணாக இல்லாமலும் வரும் நாட்கள் ஓர் ஆண்டில் 132 இருக்கின்றன. ஜப்பானியர் ஆண்டை முன்னால் போடுவார்கள்; ஆகவே 05.06.07 என்று ஒரு பழைய ரசீதில் கண்டால் மூன்று விதமாகப் படிக்கலாம். நீ எழுதும்போது 1986-04-07 என்றோ, மாதத்தை எழுத்தில் 7 ஏப்ரல் 1986 என்றோ எழுது. ரசீதில் இருப்பதை மட்டும் அது எப்படி இருக்கிறதோ அப்படியே தனிப் பத்தியில் வை. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம்: பொம்மையிலும் பெட்டியிலும் காண்பது ஒரு பத்தி, அதற்கு நீ கொள்ளும் பொருள் இன்னொரு பத்தி. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எந்த மனிதனாலும் பிரிக்க முடியாது.

உன் ஜப்பானியத் தகரப் பொம்மைகள் ஏழில் ‘1930கள்’ என்று போட்டிருக்கிறாயே, விற்றவர் ‘ஷோவா 30கள்’ என்று எழுதியதைத்தானே அப்படிப் புரிந்துகொண்டாய்? ஷோவா என்பது அங்கே சக்கரவர்த்தியின் ஆட்சிக்காலக் கணக்கு. அதோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 30கள் என்றால் 1955 முதல் 1964 வரை. ஷோவா 50கள் என்பது 1975 முதல் 1984 வரை. ஹெய்செய் என்று இருந்தால் 1988-ஐக் கூட்டு, ரெய்வா என்றால் 2018-ஐ. 1989 ஜனவரி 7-உடன் ஷோவா முடிந்தது, அதனால் ஷோவா 64-க்கு ஏழே நாள்தான் ஆயுள். அந்த ஆண்டுக் குறி போட்ட பொருள் என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்காதே. ஏற்றுமதிக்கு வந்த பழைய பொம்மைகளில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால் அது நேசநாடுகளின் ஆக்கிரமிப்புக் காலத்தது. 1952-இல் அந்த ஆக்கிரமிப்பு முடிந்தது.

பொம்மையில் பொறித்த ஆண்டே அது செய்யப்பட்ட ஆண்டு என்று நம்புவதுதான் எல்லாரும் விழும் குழி. பார்பியின் முதுகில் 1966 என்று இருக்கும். அது உடல் அச்சுக்கான பதிப்புரிமை (காப்பிரைட்) ஆண்டு. அதே அச்சில் 1990களிலும் பொம்மைகள் வந்தன. தலையின் பின்புறம் கூந்தலுக்குள் இருக்கும் ஆண்டு தலை அச்சுக்கு உரியது, அது வேறாக இருக்கும். பெட்டியின் பின்புறம் அச்சிட்ட பதிப்புரிமை ஆண்டுதான் விற்பனைக்கு நெருக்கமானது. உன் பட்டியலில் ‘1966 பார்பி’ என்று இருக்கும் நாலையும் பெட்டியோடு சேர்த்துப் பார்.

ஹாட் வீல்ஸ் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. 2008 முதல் அடித்தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் குத்தியிருப்பார்கள். எழுத்து ஆண்டு, இலக்கம் வாரம். ‘ஏ’ 2008, ‘எச்’ 2015, இடையில் ‘ஐ’-யைத் தாண்டி ‘ஜே’ 2016. ஆகவே எச்45 என்றால் 2015-இன் 45-ஆவது வாரம். அட்டையில் 2016 வரிசை என்று அச்சிட்டிருக்கும் காரில் எச் குறி இருந்தால் போலிப் பொருள் என்று பதறாதே. அடுத்த ஆண்டு வரிசையை முந்தைய ஆண்டிலேயே செய்யத் தொடங்கிவிடுவார்கள். அட்டையைப் பிரித்து வேறு கார் மாட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால்தான் வரவேண்டும்.

எழுத்துக் கூட்டல் விஷயம் சின்னது மாதிரி தெரியும், தேடும்போதுதான் உதைக்கும். சாம்பல் நிறத்தை அமெரிக்கர் ‘ஏ’ போட்டும் பிரிட்டிஷ்காரர் ‘ஈ’ போட்டும் எழுதுவார்கள். டயருக்கு அவர்கள் ‘ஐ’, இவர்கள் ‘ஒய்’. இரண்டையும் அடித்துத் தேடு. ஜெர்மன் ரயில் பொம்மை மார்க்லின் பெயரில் ‘ஏ’ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி உண்டு. புள்ளியோடு, புள்ளியில்லாமல், ‘ஏ-ஈ’ என்று பிரித்து என மூன்று விதமாகவும் விற்பவர்கள் எழுதுகிறார்கள். யாரும் சரியாகத் தேடாத விதத்தில் எழுதிய பொருள்தான் மலிவாகக் கிடைக்கும் என்பது உனக்குத் தெரிந்ததே. அதேபோல் நம் ‘ஃபன்ஸ்கூல்’ பெயரில் ‘கே’ இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கூல் என்று ‘சி-எச்’ போட்டு எழுதுபவர்கள் ஏராளம்.

லெகோ கட்டைகளில் எழுத்துக் கூட்டலோடு நிறமே மாறும். 2004-ஐ ஒட்டிச் சாம்பல் நிறத்தை நீலம் கலந்ததாக மாற்றினார்கள். சேகரிப்பாளர் சந்தையில் புதியது ‘லைட் புளூயிஷ் கிரே’, லெகோவின் சொந்தப் பெயர் ‘மீடியம் ஸ்டோன் கிரே’. இரண்டும் ஒன்றே. பழைய ‘லைட் கிரே’ வேறு, அதைப் புதியதோடு சேர்த்துக் கட்டினால் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும். லெகோ ‘பிரிக் யெல்லோ’ என்பதை மஞ்சள் என்று எண்ணி வாங்காதே, சந்தையில் அதற்கு ‘டான்’ என்று பெயர், மணல் நிறம்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மைகள் பக்கம் போனால் தலை சுற்றும். நாயகன் ஆப்டிமஸ் பிரைமுக்கு ஜப்பானில் ‘கான்வாய்’ என்று பெயர். நல்லவர் அணியான ஆட்டோபாட்களுக்கு அங்கே ‘சைபர்ட்ரான்’ என்று பெயர். அதுவே அமெரிக்காவில் அவர்களது கிரகத்தின் பெயர்! பொம்மை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் சைபர்ட்ரான் என்று மட்டும் எழுதாமல் பெட்டி எண்ணையும் சேர்த்து எழுது. தகரப் பொம்மைகளில் மசுதயா நிறுவனம் ஏற்றுமதிக்கு ‘மாடர்ன் டாய்ஸ்’ என்ற பெயரைப் போட்டது, நீ இரண்டு நிறுவனமாகக் கணக்கு வைத்திருக்கிறாய்.

உள்ளூர்ப் பொருளுக்கு ஊர்ப் பெயரே நாள்காட்டி. பெட்டி முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பின், ‘மும்பை’ என்றால் 1995-க்குப் பின். ‘மெட்ராஸ்’ என்பதை வைத்து மட்டும் முந்தையது என்று அடித்துச் சொல்லாதே, பழைய பெட்டி இருப்பு தீரும்வரை ஓட்டியிருப்பார்கள். கல்கத்தாவில் வந்த ‘நிக்கி டாய்ஸ்’ கார்களும் இப்படித்தான்: டிங்கியின் பழைய அச்சுகள் இங்கே வந்து, அடித்தகட்டில் பெயர் மட்டும் மாறியது. பட்டியலில் டிங்கி என்று போடாதே.

கடைசியாக உன் பெயர். ‘ர. சண்முகம்’ என்று நாம் எழுதுவதை வெளிநாட்டுப் படிவம் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாக உடைக்கும். கூரியரில் வரும் பார்சலுக்குச் சுங்கத்தில் அடையாளச் சான்று கேட்பார்கள். பார்சலில் உள்ள பெயரும் ஆதாரிலோ பான் அட்டையிலோ உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். எந்த அட்டையைக் காட்டப் போகிறாயோ அதில் உள்ள எழுத்து மாறாமல் அனுப்புபவரிடம் கொடு. ஜப்பானியரிடமிருந்து வாங்கினால் அவர் குடும்பப் பெயரை முன்னால் போட்டிருக்கலாம், நன்றி எழுதுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உன் பட்டியலில் நான் மஞ்சள் பூசியிருக்கும் பதினோரு வரிகளுக்கும் அடித்தகட்டுப் படம் வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து படட்டும். நேராகப் பட்டால் பொறித்த எழுத்து தெரியாது.

அன்புடன்,
கணேசன்