பால்கார அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

என் விவாகரத்து வழக்கில் தீர்ப்பு வந்து ஒன்பது நாள் ஆகிறது. எல்லோரும் போன் செய்துவிட்டார்கள். எனக்குத்தான் யாரிடமும் ஒழுங்காகப் பேச வரவில்லை. "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால் எழுதியாவது விடுவோம் என்று உட்கார்ந்தேன். நடந்ததை இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் சொன்ன தடவைகளே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பிள்ளையோடு வாசலில் நின்றபோது ஒன்றுமே கேட்காமல் பாயை விரித்த அண்ணிக்கு. (அண்ணன் கேட்க வாயெடுத்தான். அவனைப் பேசாமல் போய்ப் படுக்கச் சொன்னதற்கும் சேர்த்து.) பெண்கள் உதவி எண் 181-ல் பேசிய, பெயர் தெரியாத பெண்ணுக்கு. நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அறிக்கையாக எழுதி அனுப்பிய பாதுகாப்பு அலுவலருக்கு. சட்டப்பணிகள் ஆணைக்குழு வைத்துத் தந்த வக்கீல் அம்மாவுக்கு. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தோட்டை அடகு வைக்கத்தான் கிளம்பியிருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து சோறு போட்ட எதிர்வீட்டு அத்தைக்கு. "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பிய ஸ்டேஷனுக்கு நன்றி கிடையாது.

இனி பால்கார அக்கா. இந்த மடலே அவருக்காகத்தான். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, பேத்திதான் வாசித்துக் காட்ட வேண்டும். பாப்பா, நிறுத்தி நிறுத்திப் படி.

பாதுகாப்பு உத்தரவு 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. விவாகரத்து தனி வழக்கு, தனி கோர்ட். இரண்டு பேரும் சம்மதித்தால் வேறு வழி இருக்கிறது. அந்தத் தரப்போ சேர்ந்து வாழ வேண்டும் என்று எதிர்மனு போட்டது. அப்படியானால் கொடுமை நடந்ததை நாங்கள்தான் காட்ட வேண்டும். வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தேதி சொல்லு." எனக்கு நான்கு தேதிகள்தான் ஞாபகம் வந்தன. ஒன்று தீபாவளி, ஒன்று பிள்ளையின் பிறந்தநாள். மற்றதெல்லாம் ஒரே மூட்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டிலோ கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக இருந்தது. அப்படிச் சொல்லி எழுத வைத்தவளே நான்தான்.

வீட்டை விட்டு வந்த மாதம் பதினேழு நாள் பால் பாக்கி இருந்தது. என்னென்னவோ போய்விட்டது, ஆனால் அந்த 425 ரூபாய்தான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து, அக்கா புண்ணாக்கு வாங்க வரும் நாள் பார்த்து, பாபநாசம் கடைத்தெருவில் போய் நின்றேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அந்தத் தைரியம்தான். பணத்தை நீட்டினேன். "வேணாம்" என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து என் பக்கத்தைத் தேடிப் பாக்கியை அடித்தார். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் அரை, அரை என்று போட்டிருந்ததில், சில நாள்களுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"இது என்னக்கா?"

"அது ஒண்ணுமில்ல ஆயி. நீ மூஞ்சிய மூடிக்கிட்டுச் சொம்ப நீட்டுன நாளு. நான் என்ன பண்ண முடியும் சொல்லு. மனசு கேக்கல, போட்டு வச்சேன்."

பதினான்கு மாதத்தில் பத்தொன்பது குறிகள். நான் எதையும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றுவார், போவார். அவர் ஒன்றும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நான் நினைத்த நாள்களெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைத்தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா புண்ணாக்கு மூட்டையை எனக்கும் வெயிலுக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று பல்வலி. உண்மையாகவே கடைவாய்ப்பல் வீங்கிய நாள். அதை எடுத்துவிடுங்கள் என்று வக்கீல் அம்மாவிடம் சொன்னேன். "நல்லவேளை சொன்னே," என்றார்.

குறி மட்டும் போதாது, போட்டவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வழக்குக்கு உதவுகிற எந்தக் காகிதத்தையும் பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறதாம், ஆனாலும் ஆள் வந்தால்தான் பலம். அக்காவிடம் இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவர் அதே ஊரில் இருக்க வேண்டியவர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எந்தக் கிழமை? மாட்டுக்கு ஆள் சொல்லணும்" என்றார். முதல் தடவை வந்தபோது நீதிபதி விடுப்பு. இரண்டாம் தடவை காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பால் கறக்கிற நேரம். எதிர்த்தரப்பு வக்கீல், "உங்களுக்குப் படிக்கவே தெரியாதே, கணக்கு எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டார். "எண்ணு தெரியும் ஐயா. எண்ணு தெரியாமலா இருபது வருஷமா பால் ஊத்துறேன்?" நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார்.

அந்தத் தெருவில் நான்கு வீடுகள் அக்காவிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டன. இதைப் பேத்தி சொல்லித்தான் தெரியும். அந்தப் பாலை இப்போது சொசைட்டியில் ஊற்றுகிறார். வீட்டுக்கு ஊற்றுகிற விலை அங்கே கிடைக்காது. இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? 425 ரூபாயை முந்தானையில் முடிந்தது போல இதை முடிந்துகொள்ள மாட்டார், நன்றாகத் தெரியும். கேட்டால் "போடி" என்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோர்ட் பெஞ்சில் தனியாக உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது துணைக்குக் கூப்பிட்டால் வருவேன். தையல் வேலையை ராத்திரி பார்த்துக்கொள்கிறேன். அண்ணியிடம் சொன்னால் நம்பர் தருவார்.

போன ஆடிப்பெருக்குக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். எல்லோரும் கயிறு மாற்றிக்கொள்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று. இந்தத் தடவை எதிர்வீட்டு அத்தை இப்போதே சொல்லிவிட்டார், குடமுருட்டி ஆற்றுக்கு நீயும் வருகிறாய் என்று. போகிறேன். காப்பரிசி தின்னக் கழுத்தில் கயிறு வேண்டியதில்லை.

அக்கா, ஒரு விஷயம். நோட்டு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்று வக்கீல் அம்மா சொன்னார். மற்ற வீட்டுக் கணக்கைப் பேத்தி வேறு நோட்டில் எடுத்து எழுதியபோது இரண்டு வீட்டுப் பாக்கி விட்டுப்போனதாகப் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களாமே. நோட்டு கைக்கு வரும்வரை அந்த இரண்டு வீட்டிலும் கறாராக எதுவும் பேசிவிடாதீர்கள். நோட்டு வந்ததும் நானே பாபநாசத்துக்கு எடுத்து வருகிறேன்.