நெல் வயலில் அளந்த மீத்தேன் கணக்கைப் பூட்டி வைக்காதீர்கள்

நெல் வயல்களில் மீத்தேன் அளந்த, இன்றும் அளந்துகொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கும், அவர்களின் ஆய்வேடுகளில் கையெழுத்துப் போடும் வேளாண் பல்கலைக்கழகப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் காவிரி டெல்டாவில் பிறந்தவள். எங்கள் பக்கம் மீத்தேன் என்று சொன்னாலே போராட்டம்தான் நினைவுக்கு வரும். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்கள் பதறியதும், அதை எதிர்த்துப் பிரசாரத்தில் இருந்தபோதே 2013 டிசம்பரில் நம்மாழ்வார் ஐயா இறந்துபோனதும் எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிற விஷயங்கள். நான் எழுத வந்தது வேறு மீத்தேனைப் பற்றி. தண்ணீர் நிற்கிற வயலின் சேற்றில், காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது அது, புவியைச் சூடேற்றும் வாயு. பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே ஏறி வெளியே வந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சம்பா பருவம் முழுக்க ஆய்வு உதவியாளராக இதை அளந்திருக்கிறேன். நடவு முடிந்ததும் சேற்றில் ஒரு சட்டத்தைப் பதித்துவிடுவோம். அளக்கும் நாளில் அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்ப்போம். சட்டத்தின் விளிம்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் காற்று கசியாது. மூடியதும் ஒரு முறை, பதினைந்து நிமிடத்தில் ஒரு முறை, அரை மணியில் ஒரு முறை என்று சிரிஞ்சில் காற்றை இழுக்க வேண்டும். வயலுக்குள் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் சேற்றிலிருந்து குமிழி கிளம்பி அளவே கெட்டுவிடும். அதனால் பலகைப் பாலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் வேலை. வயலின் சொந்தக்காரப் பெரியவர் முதல் நாள் கேட்டார்: "ஏம்மா, பயிருக்கு எதுக்கு இந்தக் கூண்டு?" பயிர் விடும் காற்றை அளக்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு தண்ணீர் எப்போது வைத்தார், எப்போது வடித்தார், தொழுவுரம் எத்தனை வண்டி அடித்தார், போன போகத்துத் தாளை மடக்கி உழுதாரா என்று நான் கேட்காமலே வந்து சொல்வார். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

அந்தப் பருவத்தில் நாங்கள் பிடித்த ஒவ்வொரு சிரிஞ்சும் கடைசியில் ஓர் அட்டவணையில் ஒரு வரியாக ஆனது. பருவத்தின் சராசரி, பக்கத்தில் ஒரு பிழை அளவு, அவ்வளவுதான். ஆய்வேடு அலமாரிக்குப் போனது. நாள்வாரி அளவுகள் இருந்த கணினி பழுதாகி, பழைய பொருட்களோடு போய்விட்டது. பெரியவர் சொன்ன தண்ணீர்க் கணக்கு எதிலுமே ஏறவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே கதையை நான்கைந்து இடங்களில் வேலை பார்த்த நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் என்ன போயிற்று என்று தோன்றலாம். 1990-ஐ ஒட்டிய வருடங்களை நினைத்துப் பாருங்கள். இந்திய நெல் வயல்கள் வருடத்துக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. வெளிநாட்டு வயல்களில் அளந்ததை வைத்து நம் வயல்களுக்கும் போட்ட கணக்கு அது. புவி சூடேறுவதற்கு ஏழை நாட்டு விவசாயியும் பொறுப்பு என்ற பேச்சுக்கு அந்த எண் வசதியாக இருந்தது. அப்போது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா பல நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு 1991-இல் நாடு தழுவிய அளவீட்டில் இறங்கினார். ஒரே முறை, ஒரே தரப்படுத்தல், பல மாநில வயல்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். முதலில் சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு! மேடைப் பேச்சால் அந்த எண்ணை யாரும் இறக்கவில்லை. வயலில் பெட்டி கவிழ்த்தவர்கள் தங்கள் அளவுகளை ஓரிடத்தில் கொட்டியதால்தான் அது இறங்கியது. இந்திய அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நாடுகள் தங்கள் நெல் வயல் மீத்தேனைக் கணக்கிட, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தருகிற அடிப்படை எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. ஜப்பானிலும் சீனாவிலும் சில ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து, வெளிவந்த கட்டுரைகளிலிருந்து வயல் அளவுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொகுத்தார்கள். 2006 வழிகாட்டிக்கு அந்தத் தொகுப்புதான் அடித்தளம். தொகுப்பு பெரிதான பிறகு, 2019 திருத்தத்தில் பகுதிவாரியாக எண் கொடுக்க முடிந்தது. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்கு உலகச் சராசரி ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.19 கிலோ என்றால், தெற்காசியாவுக்கு 0.85 கிலோ. யாரோ அளந்து, அதை வெளியிட்டும் வைத்ததால் வந்த வித்தியாசம் அது. வெளியிடாமல் அலமாரியில் வைத்தவர்களின் வயல்கள் அந்த 0.85-க்குள் இல்லை. டெல்டா களிமண்ணில் குறுவை அறுத்த கையோடு சேடை கட்டித் தாளடி நடும் வயலுக்கும், பஞ்சாபில் கோதுமைக்குப் பின் நெல் போடும் வயலுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி மீத்தேனைத் தினமும் பார்க்கிறது, உண்மைதான். எண்ணெய்க் கிணற்றிலும் குப்பைக் கிடங்கிலும் பெரும் கசிவு இருந்தால் இத்தகைய செயற்கைக்கோள்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021-இல் தொடங்கிய சர்வதேச மீத்தேன் கண்காணிப்பகம் அந்தத் தகவல்களையும், நிறுவனங்கள் தரும் அளவுகளையும், கள ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. ஆனால் சென்டினலில் உள்ள கருவிக்கு வெயில் வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. சம்பா பயிர் தூர் கட்டி நிற்பதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அப்போது எங்கள் வயல்களை மேலிருந்து யார் பார்ப்பது? போதாததற்கு, 2024 மார்ச்சில் பெரும் எதிர்பார்ப்போடு ஏவிய மீத்தேன்சாட் என்ற செயற்கைக்கோள் அடுத்த வருடம் ஜூனிலேயே தொடர்பிழந்துபோனது. பலகைப் பாலமும் சிரிஞ்சும் இன்னும் நெடுநாள் தேவைப்படும்.

சதுப்பு நிலங்களிலும் வயல்களிலும் கோபுரம் நட்டு, காற்றின் சுழலிலிருந்து மீத்தேனை அளப்பவர்கள் ஃப்ளக்ஸ்நெட் என்ற பெயரில் சுமார் 80 இடங்களின் தரவுகளை 2021-இல் பொதுவில் வைத்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அந்த வரைபடத்தைத் திறந்தால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புள்ளிகள் நெருக்கியடிக்கும். வெப்பமண்டலத்தில் தேட வேண்டியிருக்கும். உலகத்தின் நெல்லில் பெரும்பகுதி விளைகிற நம் பக்கம் அப்படி இருப்பது எனக்கு வலிக்கிறது.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். கட்டுரை எழுதும் முன் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பது ஒன்று. இரண்டு வருடம் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கலாமே, அது நியாயம்தான். பழைய அளவுகள் தரமில்லாதவை என்பது இன்னொன்று. எப்படி அளந்தோம் என்று எழுதி வைத்தால் போதும், எடுப்பவர் எடைபோட்டுக்கொள்வார். உண்மையில் கனமான பயம் மூன்றாவது: இந்த எண்ணை வைத்து நாளை விவசாயி தலையில் பழி போடுவார்கள் என்பது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் 1991-ஐத் திரும்பப் பாருங்கள். அளவு இல்லாத இடத்தில்தான் 3.78 கோடி டன் ஏறி உட்கார்ந்தது.

இப்போது கார்பன் வரவு வியாபாரமும், அதாவது வெப்ப வாயுவைக் குறைத்த கணக்கை விற்பதும், வயலுக்கு வந்துவிட்டது. வயலை இடையிடையே காயவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைத்தால் மீத்தேன் பாதியளவுக்குக் குறையும், அதற்குப் பணம் தருகிறோம் என்கிறார்கள். குறைவது உண்மை. ஆனால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் எவ்வளவு? மழை விடாமல் பெய்யும் கார்த்திகையில் வயலைக் காயப்போட முடியுமா? காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடுமே, அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்குமே, அதைச் சேர்த்து அளந்தார்களா? 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை, கார்பன் வரவுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு நிராகரித்தது. நம் விவசாயி அப்படி நடுவழியில் நிற்காமல் இருக்க, அவர் வட்டாரத்தின் உண்மையான அளவு பொதுவில் இருக்க வேண்டும்.

ஆகவே பெரியவர்களே, கேட்பது இதுதான். மீத்தேன் அளந்த ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், நாள்வாரி அளவுகள் பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டனவா என்று கேளுங்கள். சராசரி மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டியின் ஒவ்வொரு சிரிஞ்சும், அன்றைய மண் வெப்பமும், நின்ற தண்ணீரின் உயரமும், ரகமும், உரமும், நடவு தேதியும் வேண்டும். முக்கியமாக, நடவுக்கு முன் வயல் எத்தனை நாள் ஈரமாகக் கிடந்தது என்பதை விட்டுவிடாதீர்கள். மீத்தேனைப் பெரிதும் மாற்றுபவற்றில் அதுவும் ஒன்று, நம் கட்டுரைகளில் அடிக்கடி காணாமல் போவதும் அதுதான். அப்புறம், ஓய்வு பெறும் பேராசிரியர்களின் அலமாரிகளை ஒரு முறை திறந்து பார்க்க ஆள் போடுங்கள். இரண்டு மாணவர்களும் ஒரு ஸ்கேனரும் போதும். அளவெடுக்க வயல் தந்த விவசாயிக்கு அந்த எண்ணைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் பெரியவர் கடைசிவரை "என்னம்மா வந்துச்சு கணக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லவே இல்லை.

என் குறிப்பேடு மட்டும் தப்பிப் பிழைத்து வீட்டுப் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கி, தண்ணீர்க் கணக்கு முழுவதையும் எக்செலில் ஏற்றிவிட்டேன். மழை நனைத்த நான்கு பக்கங்களை மட்டும் படிக்க முடியவில்லை. அவற்றை வெற்றாகவே விட்டிருக்கிறேன். எந்த வடிவத்தில், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பா வயலில் அளவெடுத்த முன்னாள் ஆய்வு உதவியாளர்