எஸ்டெல்லா சாலமன்ஸ் குடும்பத்துக்கு ஒரு சுவர்: அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் காட்சிக்குழுவினருக்கும்,

வணக்கம். 2022 கோடையில் எஸ்டெல்லா சாலமன்ஸின் ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தீர்கள். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பரவாயில்லை, செய்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. அது 2023 தொடக்கத்தில் முடிந்தது. அடுத்து என்ன என்று கேட்கத்தான் இந்த மடல். சுருக்கமாகச் சொன்னால், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சேர்த்து உங்கள் கலைக்கூடத்தில் நிலையாக ஒரு சுவர் வேண்டும். வந்து போகும் கண்காட்சி போதாது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இது திறந்த மடல். நான் டப்ளினில் குடியேறிய தமிழன். இதைப் படிக்கிற எங்கள் ஆட்கள் பலருக்கு அவர் பெயர் புதிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலமன்ஸ் குடும்பம் யூதக் குடும்பம்; 1824இல் இங்கிலாந்திலிருந்து டப்ளினுக்கு வந்தது. எஸ்டெல்லாவின் அப்பா மாரிஸ், நாசோ தெரு 19ஆம் எண்ணில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கூடவே ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கௌரவத் தூதர். ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் நாவலில் டப்ளின் தெருக்களை அளந்துகொண்டு போகும்போது அந்தக் கடையையும் விட்டுவைக்கவில்லை. அம்மா ரோசா, ஹல் நகரத்துக்காரர், கவிதை எழுதியவர். ஊர் மக்களின் பார்வையைச் சரிசெய்துகொண்டிருந்த மனிதருக்கு 1882இல் பிறந்த மகள் ஓவியரானார். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

எஸ்டெல்லா இந்த ஊரிலேயே வால்டர் ஆஸ்போர்னிடமும் வில்லியம் ஓர்பெனிடமும் பயின்றார். பிறகு தோழிகளோடு பாரிஸ் போனார். அந்தத் தோழிகளில் ஒருவர் சிஸ்ஸி பெக்கெட், பின்னாளில் உலகமே அறிந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் அத்தை. 1906இல் ரெம்பிராண்ட் பிறந்து முந்நூறு ஆண்டு நிறைந்ததை ஆம்ஸ்டர்டாமில் கொண்டாடியபோது எஸ்டெல்லா அங்கே போய்ப் பார்த்தார். அந்தப் பயணத்தின் தடம் அவர் வரைந்த முகங்களில் கடைசிவரை இருந்தது. பின்னணி இருட்டாகவே கிடக்கும். வெளிச்சம் நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் விழும். கோட்டும் கழுத்துப்பட்டையும் நாலைந்து அகலமான தீற்றலில் முடிந்துவிடும். உட்கார்ந்திருப்பவரை அழகாகக் காட்டியாக வேண்டும் என்ற கவலை அவரிடம் இல்லை. ஸ்லைகோ நகரத்தில் நைலண்ட் சேகரிப்பில் இருக்கிற ஜாக் யேட்ஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெரிய ஓவியரை இன்னொரு ஓவியர் வரைகிறார். பயபக்தி காட்டாமல், பழகிய மனிதரைப் பார்க்கிற மாதிரி பார்த்து வரைந்திருக்கிறார்.

அவருடைய செதுக்கோவியங்களை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி எடுத்து, கீறிய பள்ளங்களில் மையை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கிற வேலை அது. கை பிசகினால் அழித்துத் திருத்துவது லேசில்லை. டப்ளினின் சந்துகளையும் பழைய வீட்டு வாசல்களையும் அப்படிப் பதிந்து வைத்தார். 1916இன் எழுச்சியிலும் 1922இன் உள்நாட்டுப் போரிலும் பீரங்கிக் குண்டுகள் விழுந்த நகரம் இது. முன்பு அது எப்படி இருந்தது என்று தேடுகிறவருக்கு அந்தத் தாள்களும் ஆவணம்தான்.

இப்போது எல்லாரும் சொல்கிற பகுதிக்கு வருகிறேன். அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய குமன் நா மான் என்ற பெண்கள் அமைப்பில் எஸ்டெல்லா சேர்ந்தார். துப்பாக்கிக் குண்டுகளைப் பெற்றோர் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் மறைத்து வைத்து, அங்கிருந்து உரிய ஆளிடம் சேர்ப்பித்தார். கிரேட் பிரன்ஸ்விக் தெருவில், அதாவது இன்றைய பியர்ஸ் தெருவில், அவருடைய ஓவியக்கூடம் இருந்தது. சுதந்திரப் போரின்போது தேடப்பட்டவர்கள் அங்கே ஒளிந்திருந்தார்கள். அறையில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், தூரிகையும் கையில் இருக்கிறது, வரையாமல் இருப்பாரா? வரைந்தார். போலீஸ் தேடுகிறவனின் முகத்தை, அடையாளம் பிசகாத அளவு திருத்தமாக, அவனைத் தேடிவரக்கூடிய அறையிலேயே வரைந்தார். பிறகு, சோதனை வந்தால் படமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அவற்றில் சிலவற்றைத் தன் கையாலேயே அழிக்கவும் வேண்டியிருந்தது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதுண்டு. நன்றாக வரைந்ததே ஆபத்தாகப் போன படங்கள் அவை. சுமாரான ஓவியராக இருந்திருந்தால் ஒன்றிரண்டு தப்பியிருக்கும்.

என் மனக்குறை அவர் குண்டு மறைத்ததைச் சொல்கிறார்களே என்பதில்லை. சொல்கிற விதத்தில்தான். ‘யூதப் பெண்ணாக இருந்தும் அயர்லாந்துக்காகப் போராடினார்’ என்கிற தொனி எத்தனை கட்டுரைகளில் வருகிறது! அந்த ‘இருந்தும்’ எதற்கு? அவர் பிறக்கும்போது குடும்பம் இந்த ஊருக்கு வந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியேறியவர்களின் பேத்தி விசுவாசத்துக்கு நற்சான்று வாங்கிக்கொண்டுதான் சுவரில் தொங்க வேண்டுமா?

அவர் தம்பி பெத்தெலின் கதையும் இதையேதான் சொல்கிறது. பெத்தெல் சாலமன்ஸ் 1908 முதல் 1910 வரை அயர்லாந்து ரக்பி அணிக்காகப் பத்து ஆட்டங்கள் ஆடியவர். அயர்லாந்து அணியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒரு வண்டிக்காரரிடம் கேட்டாராம். ‘பதினாலு புராட்டஸ்டன்ட், ஒரு யூதன், இதையா அயர்லாந்து அணி என்கிறீர்கள்?’ என்று பதில் வந்ததாம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையான இந்த நாட்டில் ஊரே சொல்லிச் சிரிக்கிற கதை இது. நானும் முதல்முறை கேட்டபோது சிரித்தேன். ஆனால் 1904இல் லிமெரிக்கில் ஒரு பாதிரியாரின் பிரசங்கத்தைத் தொடர்ந்து யூதக் கடைகளை மக்கள் புறக்கணித்ததையும், பல குடும்பங்கள் ஊரைவிட்டே போனதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பு அவ்வளவு லேசாக வருவதில்லை.

பெத்தெல் மகப்பேறு மருத்துவர். 1926 முதல் 1933 வரை ரொட்டண்டா மருத்துவமனையின் தலைவர்; அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் யூதர். ஜாய்ஸ் தன் கடைசி நாவலில் அவர் பெயரையும் ரொட்டண்டாவையும் சேர்த்துச் சிலேடை செய்திருக்கிறார். அப்பாவின் கடை ஒரு நாவலில், மகனின் பெயர் இன்னொன்றில். டப்ளினில் வேறு எத்தனை குடும்பங்களுக்கு இது வாய்த்திருக்கும்?

அடுத்த தலைமுறையில் பெத்தெலின் மகன் மைக்கேல், அவரும் மகப்பேறு மருத்துவர். கருத்தடைச் சாதனங்களை விற்பதும் விற்பனைக்காக இறக்குமதி செய்வதும் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில், 1969இல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை தர ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். விற்றால்தானே குற்றம்? இலவசமாகக் கொடுத்துவிட்டு, விருப்பப்பட்டால் நன்கொடை தாருங்கள் என்றார்கள். அந்த முதல் மருத்துவகம் எங்கே இருந்தது தெரியுமா? மெரியன் சதுக்கத்தில், உங்கள் வாசலுக்குப் பக்கத்தில். 1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிலேயே எழுத முனைந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்த மருத்துவர்களில் அவரும் உண்டு. அந்தத் திருத்தத்தை நாடு 2018இல் நீக்கியது. மைக்கேல் 2007இலேயே காலமாகிவிட்டார்.

அத்தை தோட்டத்தில் குண்டு மறைத்ததும் மருமகன் சட்டத்தின் சந்துக்குள் புகுந்து வந்ததும் ஒரே குடும்பத்துக் குணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். ஆனால் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், பார்க்கிறவர்கள் தாமே யோசித்துக்கொள்வார்கள்.

திருமணத்தையும் சொல்ல வேண்டும். எஸ்டெல்லா விரும்பியது ஜேம்ஸ் ஸ்டார்க்கி என்ற கவிஞரை. ஷேமஸ் ஓ’சல்லிவன் என்பது அவருடைய புனைபெயர். மாப்பிள்ளை யூதர் இல்லை என்பதால் பெற்றோருக்குச் சம்மதமில்லை. 1925இல்தான் கல்யாணம் நடந்தது. அப்போது எஸ்டெல்லா நாற்பதைத் தாண்டியிருந்தார். ஷேமஸ் 1923 முதல் 1958இல் இறக்கும்வரை ‘டப்ளின் மேகஸின்’ இதழை நடத்தினார். அட்டையில் அவர் பெயர் இருந்தது; இதழ் நிற்காமல் ஓட மனைவியின் பணமும் உழைப்பும் வேண்டியிருந்தன. சிறுபத்திரிகை நடத்தியவரின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்துக்கு எப்படித் தனி இடம் ஒதுக்குவது என்று கேட்பீர்களானால், நீங்கள் ஏற்கெனவே செய்ததுதான். யேட்ஸ் குடும்பத்துக்காக 1999இல் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஒரு காட்சியகம் திறந்தீர்கள். அப்பாவும் மகனும் ஓவியர்கள், மகள்கள் அச்சிலும் பூவேலையிலும் தேர்ந்தவர்கள், இன்னொரு மகன் கவிஞர். அவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத ஏதோ ஒன்று தெரிகிறது என்று நம்பித்தானே அதைச் செய்தீர்கள்? சாலமன்ஸ் குடும்பத்துக்கு நான் கூடம் கேட்கவில்லை. ஒரு சுவர் போதும்.

ஸ்லைகோவிலிருந்து ஜாக் யேட்ஸ் படத்தைக் கடனாகக் கேளுங்கள். தம்பதியின் கடிதங்களும் தாள்களும் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. உங்களிடமிருந்து கூப்பிடு தூரம். அப்புறம், இயன்றால் ஸ்டெல்லா ஸ்டெய்னுக்கும் ஓர் ஓரம் கொடுங்கள். லிதுவேனியாப் பக்கமிருந்து வந்த யூதக் குடும்பம், டப்ளினில் பிறந்தவர், 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்குப் போய் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் குடியேறினார். இந்த ஊர் அவரைச் சுத்தமாக மறந்தே போனது. எஸ்டெல்லாவாவது ஊரிலேயே இருந்தார்.

ஏன் இப்போது கேட்கிறேன்? 2023 நவம்பரில், குடியேறியவர்களுக்கு எதிரான கலவரத்தில் நகர மையம் எரிந்ததை நீங்களும் பார்த்தீர்கள். 2025இல் டப்ளினில் இந்தியர்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். அந்த வாரங்களில் எங்கள் வாட்ஸாப் குழுக்களில் ‘இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்’ என்று செய்திகள் சுற்றின. அதற்குப் பதிலாகப் பலரும் நல்லெண்ணத்தில் சொன்னது, ‘இந்தியர்கள் நம் மருத்துவமனைகளைத் தாங்குகிறார்கள்’ என்பது. உண்மைதான், நன்றியும் உண்டு. ஆனால் அதுவும் அந்த ‘இருந்தும்’ போன்ற சான்றிதழ்தான். நர்ஸாக இல்லாத இந்தியர் என்ன செய்வார்?

அதனால்தான் அந்தச் சுவரில் ‘சிறுபான்மையினரின் பங்களிப்பு’ என்று தலைப்புப் போட வேண்டாம் என்கிறேன். டப்ளின் குடும்பம் ஒன்று என்று போடுங்கள். ஓவியர், மருத்துவர், கண்ணாடிக்கடைக்காரர், கவிதை எழுதிய அம்மா. அவர்கள் யூதர்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம். பெத்தெல் டப்ளினில் முற்போக்கு யூத சபையை நிறுவியவர்களில் ஒருவர், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அழிக்கப்பட்ட அந்த முகங்களுக்கும் சுவரில் ஓர் அட்டை வையுங்கள். என்ன காரணத்துக்காக, யார் கையால் அழிந்தன என்று இரண்டு வரி போதும்.

எஸ்டெல்லா பிறந்து 150 ஆண்டு நிறைவது 2032 ஏப்ரல் 2ஆம் தேதி. கடன் ஒப்பந்தம், காப்பீடு, சட்டகம் என்று எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை, நேரம் நிறைய இருக்கிறது. செய்வதாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுத வேண்டும் என்று நிபந்தனை இல்லை.

அன்புடன்,
டப்ளின்வாழ் தமிழன் ஒருவன்